துட்டி கேட்காமல் போன வருஷம்

கேள்வி:

டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். எனக்கு வயது 36. சொந்த ஊர் கல்லிடைக்குறிச்சி. சென்னையில் சோழிங்கநல்லூர் பக்கம் ஐ.டி. வேலை. 2020 மார்ச் 20, வெள்ளிக்கிழமை ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறினேன். கையில் லேப்டாப்பும் இரண்டு பேண்ட்டும்தான். பத்து நாளில் திரும்பிவிடலாம் என்று நினைப்பு. திரும்பியது 2022-ல்.

எங்கள் வீட்டில் அப்பள வியாபாரம். காலையில் அப்பாவோடு ஆற்றுக்குப் போவேன். வந்து அப்பளம் காயப்போட, எடுக்க, அடுக்கக் கூடமாட நிற்பேன். மதியம் 2 மணிக்கு லாகின், ராத்திரி 11 மணிக்கு முடியும். கல்யாண ஆர்டரெல்லாம் நின்றுபோய் அப்பாவுக்குச் சிரமம்தான். ஆனாலும் உண்மையைச் சொல்கிறேன், நான் பிறந்ததிலிருந்து சந்தோஷமாக இருந்த வருஷம் அதுதான். இதை யாரிடமும் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. ஊர் உலகமே செத்துக்கொண்டிருந்தபோது இவன் ஆற்றில் முங்கிக் குளித்துக்கொண்டிருந்தானாம் என்று நானே என்னைச் சொல்லிக்கொள்கிறேன்.

2021 மே மாதம் எங்கள் டீமில் ஒருவர் கொரோனாவில் இறந்தார். வேறு மாநிலத்துக்காரர். நேரில் பார்த்ததில்லை. அவருடைய 7 டிக்கெட் (அவர் முடிக்க வேண்டியிருந்த வேலைகள்) என் பேருக்கு மாறியது. முடித்துக் கொடுத்தேன்.

இப்போது வாரம் 5 நாளும் ஆபீஸுக்கு வரச் சொல்லுகிறார்கள். வேலையை விட்டுவிட்டு ஊருக்கே வந்துவிடலாமா? அப்பா பேரேடு எழுதுகிறவர். அந்த வருஷத்தை நான் வரவில் எழுதவா, பற்றில் எழுதவா? பின்குறிப்பு: மே மாதம் வந்தால் எனக்குத் தூக்கம் கெடுகிறது. இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை, வெயில் காரணமாக இருக்கும்.

– கல்லிடைக்குறிச்சி வாசகர்

பதில்:

தம்பி, உங்கள் கடிதம் 11 பக்கம். மேலே அதைச் சுருக்கிப் போட்டிருக்கிறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன், ஊரைத் தவிர. ஊரை மாற்றினால் அப்பளம் வேகாது.

பாளையங்கோட்டையில் 26 வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். ஒரு பழக்கத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். வருகிறவர்கள் முக்கால் மணி நேரம் எதிரே உட்கார்ந்து பேசுவார்கள். வயிற்றெரிச்சல், மாமியார், கடன், எல்லாம் வரும். எழுந்து போய்க் கதவில் கை வைத்த பிறகு திரும்பி நின்று, "அப்புறம் டாக்டர், இது ஒண்ணுமில்லை..." என்று ஒன்றைச் சொல்வார்கள். வந்த காரணம் அதுவாகத்தான் இருக்கும். நீங்கள் பின்குறிப்பில் எழுதினீர்களே, வெயில் என்று. கதவில் வைத்த கை அது.

பக்கங்களை எண்ணிப் பார்த்தேன். 2020-க்கு ஒன்பது பக்கம். ஆபீஸ் அழைப்புக்கு ஒன்றே முக்கால். அந்த மனிதருக்கு நான்கு வரி. அதிலும் ஒரு வரி டிக்கெட் எண்ணிக்கை.

ஒன்பது பக்கத்தையும் ரசித்துத்தான் படித்தேன். அப்பளம் காயும்போது அப்பா ஓரத்தை நுனிவிரலால் தொட்டுப் பார்ப்பார், வெயிலில் கொஞ்சம் கூடுதலாகக் கிடந்தால் சுருண்டுவிடும், குறைந்தால் அடுக்கியதும் ஒட்டிக்கொள்ளும் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனியில் சாரல் விழுந்த நாளில் நீங்களும் அப்பாவும் முறத்தையும் பாயையும் தூக்கிக்கொண்டு தார்சாலுக்கு ஓடியதையும், ஓடும்போது அப்பா சிரித்ததையும் எழுதியிருக்கிறீர்கள். "எனக்கு 31 வயசாகிறவரைக்கும் அவருக்குக் கடைவாய்ப் பல் ஒன்று இல்லை என்பது தெரியாது" என்று ஒரு வரி. இப்படிப்பட்ட வரிகளை எழுதத் தெரிந்த ஒருவர், கூட வேலை பார்த்தவரின் சாவை நான்கு வரியில் தாண்டிப் போனது எனக்கு இடறியது. அதனால்தான் உங்களுக்குத் திருப்பி எழுதினேன்: அவரைப் பற்றி ஒரு பக்கம், முடிந்தால், எழுதி அனுப்புங்கள் என்று.

மூன்றாம் நாள் ஆறு பக்கம் வந்தது. வாசகர்களுக்காக அதிலிருந்து கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், நீங்கள் அனுமதி கொடுத்திருக்கிறீர்கள்.

அவர் கேமராவைப் போடுவதே இல்லை. திரையில் பெயரின் முதலெழுத்து மட்டும் ஒரு வட்டத்துக்குள் இருக்கும். பேசும்போது பின்னால் குக்கர் விசில் கேட்கும். மூன்றாவது விசில் வந்ததும் "ஒன் மினிட்" என்று சொல்லி எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வருவார். உங்களிடம் ஒரே ஒரு தமிழ் வார்த்தை கற்றுக்கொண்டார்: "சாப்டாச்சா?" அதை டீமில் எல்லோரிடமும் கேட்பார், தமிழ் தெரியாத ஆட்களிடமும். 2020 ஐப்பசியில் ஒரு ராத்திரி ஊரில் அடைமழை, கரண்ட் போய்விட்டது, மொபைல் நெட்டில் ஒற்றைக் கோடு. மறுநாள் காலைக்குள் போக வேண்டிய பேட்ச் (மென்பொருள் திருத்தம்) ஒன்று பாதியில் தொங்கியது. போனில் கூப்பிட்டீர்கள். "உங்க ஊர் மழைச் சத்தம் எனக்கே கேட்குது, நீ போய்ப் படு, நான் பார்த்துக்கிறேன்" என்று அவர் இங்கிலீஷில் சொன்னார். நீங்களும் போய்ப் படுத்தீர்கள். ஓட்டில் மழை விழுந்த அந்த ராத்திரி நன்றாகத் தூங்கியதாக எழுதியிருக்கிறீர்கள்.

மே மாதம் ஒரு நாள் 1.40-க்கு குரூப்பில் செய்தி வந்தது. ஆளாளுக்குக் கும்பிடும் கைப் படம் போட்டார்கள். நீங்களும் போட்டீர்கள். 2 மணிக்கு வழக்கமான ஸ்டாண்டப் மீட்டிங். டீம் லீட் ஒரு நிமிஷம் மௌனம் என்றார். எல்லோரும் மைக்கை அணைத்தார்கள். மைக் ஏற்கெனவே அணைந்துதான் இருந்தது, அதனால் மௌனம் எப்போது ஆரம்பித்தது எப்போது முடிந்தது என்றே தெரியவில்லை என்கிறீர்கள். சாயங்காலத்துக்குள் 7 டிக்கெட்டும் உங்கள் பெயரில். ஒன்றில் அவர் பாதி எழுதி வைத்திருந்த குறிப்பு இருந்தது. அதை அழித்துவிட்டு உங்கள் குறிப்பை எழுதினீர்கள். அவருடைய வட்டம் இன்னும் இரண்டு மாதம் குரூப்பில் இருந்தது, சாம்பல் நிறத்தில்.

இதைப் படித்த பிறகு எனக்குப் பேரேட்டுக் கேள்வியில் அக்கறை குறைந்துவிட்டது. சந்தோஷமாக இருந்தது குற்றமா என்று என்னிடம் கேட்கிறீர்கள். உங்களை உறுத்துவது அந்தச் சந்தோஷம் என்று எனக்குத் தோன்றவில்லை. உங்களுக்கு ஒரு துட்டி, அதாவது சாவு வீட்டுக்குப் போய்த் துக்கம் கேட்பது, பாக்கி இருக்கிறது. அதற்குப் போக வழியில்லாமல் இருந்ததால், அந்தக் கனம் பக்கத்தில் என்ன கிடைத்ததோ அதன்மேல் போய் ஏறி உட்கார்ந்துகொண்டது. கிடைத்தது அப்பாவும் ஆறும் அப்பளமும்.

நம் ஊரில் துட்டி கேட்கப் போவது பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள், எவ்வளவு புத்தியோடு செய்துவைத்த ஏற்பாடு. பத்து வருஷம் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகூட வந்து நிற்பான். என்ன பேச வேண்டும் என்ற கவலை கிடையாது, பேச வேண்டாம். பெஞ்சில் உட்கார்ந்தால் போதும். யாராவது "எப்பம் நடந்துச்சி?" என்று கேட்பார்கள், வீட்டு ஆள் நூறாவது தடவையாக அதே கதையைச் சொல்வார். சொல்லச் சொல்லத்தான் நடந்தது நடந்ததாக ஆகும். கிளம்பும்போது போயிட்டு வாரேன் என்று சொல்லாமல் எழுந்து போய்விட வேண்டும். வீட்டுக்குள் நுழையும் முன் குளிக்க வேண்டும். தண்ணீர் தலையில் விழும்போது உடம்புக்குத் தெரிகிறது, ஒரு காரியம் முடிந்தது என்று. நான் படித்த மனநலப் புத்தகங்கள் துக்கத்தைப் பற்றி எவ்வளவோ சொல்கின்றன. உடம்பை ஒரு இடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்து என்பதை இவ்வளவு சுருக்கமாக எதுவும் சொல்லவில்லை.

அந்த இரண்டு வருஷமும் இது அடைபட்டுப் போனது. கல்யாணத்துக்கு 50 பேர், இறப்புக்கு 20 பேர் என்று அரசாங்கம் எண்ணிக்கை வைத்தது. வைக்க வேண்டியும் இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக மயானம். 2021 மே 10-ல் தமிழ்நாட்டில் மறுபடியும் முழு ஊரடங்கு, 24-லிருந்து இன்னும் இறுக்கம். நெல்லையப்பர் ஆனித் தேர் 2020-லும் ஓடவில்லை, 2021-லும் ஓடவில்லை. தேர் நின்றது கூடத் தெரிந்து நின்றது. துட்டிகள் நின்றது யாருக்கும் கணக்கில்லை.

உங்கள் விஷயத்தில் இன்னொரு முடிச்சும் உண்டு. சென்ற தலைமுறையில் கூட வேலை பார்த்தவர் இறந்தால் அவருடைய நாற்காலி காலியாக இருக்கும், மேசையில் கண்ணாடிக்கடியில் பிள்ளை படம் இருக்கும், டிபன் பாக்ஸ் இருக்கும். நம் ஞாபகம் இடத்தையும் முகத்தையும் பிடித்துக்கொண்டுதான் வேலை செய்கிறது. நிகழ்ச்சிகளை அடுக்கிவைக்க அதற்கு இடம் மாற வேண்டும், வெளிச்சம் மாற வேண்டும், வாசனை மாற வேண்டும். அதனால்தான் உங்களுக்கு 2020-ன் காலை நேரங்கள் அத்தனையும் அச்சு அசலாக நினைவிருக்கின்றன. அதே வருஷம் மதியம் 2 முதல் 11 வரை என்ன பிராஜெக்ட் பார்த்தீர்கள் என்று ஒன்பது பக்கத்தில் ஒரு வரியும் இல்லை. அதே மேசை, அதே திரை, அதே வட்டங்கள். ஒரு நாளை இன்னொரு நாளிலிருந்து பிரிக்க ஒரு கோடுகூட இல்லை. அந்தக் கோடில்லாத பகுதிக்குள்தான் அவர் இருந்தார். அங்கேயே இறந்தும் போனார். ஒரு குக்கர் விசிலைத் தவிர உங்கள் மனத்துக்குப் பிடித்துக்கொள்ள எதுவும் கிடைக்கவில்லை.

மே மாதத் தூக்கத்துக்கு வருவோம். இறந்த நாளை ஒட்டி வருஷாவருஷம் தூக்கம் கெடுவது, எரிச்சல் வருவது, காரணமில்லாமல் நெஞ்சு அடைப்பது, எல்லாம் எங்களுக்குப் பழகிய சங்கதி. ஆனிவர்சரி ரியாக்‌ஷன் என்று பெயர் வைத்திருக்கிறோம். நம்மவர்கள் திதி என்று பெயர் வைத்து, அன்றைக்குச் செய்ய ஒரு வேலையும் கொடுத்தார்கள். உங்களுக்கு வேலை கொடுக்க ஆளில்லை, அதனால் உடம்பு ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்துகொள்கிறது. கல்லிடைக்குறிச்சி வெயிலை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் வெயில் ஏப்ரலிலும் அடிக்கிறது.

நான் இதை மேடையில் நின்று சொல்லவில்லை. என் கிளினிக்கில் 19 வருஷம் கூட இருந்த கம்பவுண்டர் 2021 மே கடைசியில் போய்விட்டார். ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில்தான் இருந்தார், என் வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் ஏழு நிமிஷம். நான் போகவில்லை. போக விடமாட்டார்கள் என்பது ஒரு காரணம். எனக்குச் சர்க்கரை என்பது இன்னொரு காரணம். இரண்டும் உண்மை, இரண்டும் எனக்கு உதவவில்லை. அந்த ஜூன் மாதம் முழுக்க நான் போனில் மற்றவர்களுடைய துக்கத்துக்கு ஆலோசனை சொல்லிக்கொண்டிருந்தேன், நன்றாகவே சொன்னேன். வீட்டுக்காரி வைத்த சொதி மட்டும் இறங்கவில்லை. தேங்காய்ப்பால் திரிந்துவிட்டது என்று அவளிடம் சண்டை போட்டேன். திரியவில்லை.

நான்கு மாதம் கழித்து மேலப்பாளையம் தாண்டி அவர் வீட்டுக்குப் போனேன். பேச ஒன்றும் இல்லை. அந்த அம்மா காபி கொடுத்தார்கள். பிறகு உள்ளே போய், சுவரில் காலண்டர் ஆணியில் தொங்கிய ஒரு சாவியை எடுத்து வந்து என் கையில் வைத்தார்கள். கிளினிக்கின் இன்னொரு சாவி. "ஆஸ்பத்திரிக்குப் போகும்போதே சொன்னாவ, டாக்டர் வருவாவ, இத கையில குடுத்துரணும்னு." நான்கு மாதமாக அது அந்த ஆணியில் எனக்காகத் தொங்கியிருக்கிறது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து குளித்தேன், அப்புறம் தூங்கினேன். கிளினிக்கில் இப்போது ஒரு சாவி போதும், ஆனால் இரண்டையும் வைத்திருக்கிறேன்.

தாமதமாகப் போவதற்கும் நம் ஊரில் இடமுண்டு. "சேதி தெரியாமப் போச்சி", "வெளியூர்ல இருந்தேன்" என்று வருஷம் கழித்து வருகிறவர்களுக்கும் அதே பெஞ்சுதான். நீங்கள் துட்டிக்குப் போங்கள். கடிதமாகப் போங்கள்.

முகவரி உங்களிடம் இல்லை என்கிறீர்கள். கம்பெனியின் எச்.ஆர். அதைக் கொடுக்க மாட்டார்கள், கொடுக்கவும் கூடாது. நீங்கள் கடிதத்தை எழுதி அவர்களிடம் கொடுத்து, குடும்பத்தார் சம்மதித்தால் சேர்த்துவிடுங்கள் என்று கேட்கலாம். அவர் ஊர்க்காரர் யாராவது டீமில் இருந்தால் அவர் வழியாகக் கேட்பது அதைவிட நல்லது. மின்னஞ்சல் வேண்டாம், தாளில் எழுதுங்கள். அவர்கள் மொழியில் எழுதித் தர நண்பர் யாராவது கிடைத்தால் சரி, இல்லாவிட்டால் எளிமையான இங்கிலீஷ் போதும்.

என்ன எழுதுவது? அந்த ஆறு பக்கத்தில் இருப்பதைத்தான். மழை ராத்திரியை எழுதுங்கள். மூன்றாவது விசிலை எழுதுங்கள். இங்கே ஒரு கும்பல் முழுக்க அவரால் "சாப்டாச்சா" என்று கேட்கப் பழகியதை எழுதுங்கள். அந்த வீட்டில் இருப்பவர்களுக்கு அவர் கணவர், மகன், தகப்பன். பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அவர் என்னவாக இருந்தார் என்பது அவர்களுக்குத் தெரியாது. அது உங்களிடம்தான் இருக்கிறது. எங்கள் கம்பவுண்டர் வீட்டில் சாவி இருந்ததுபோல, இது உங்கள் வீட்டு ஆணியில் தொங்குகிறது.

எழுதக்கூடாதவையும் உண்டு. அவர் இறந்த சமயம் நான் சந்தோஷமாக இருந்தேன், மன்னியுங்கள் என்று எழுதாதீர்கள். உங்கள் பாரத்தை அவர்கள் வாசலில் இறக்கிவிட்டு வருவது துட்டி ஆகாது. எப்படி இறந்தார், ஆக்சிஜன் கிடைத்ததா என்றெல்லாம் கேட்காதீர்கள். 7 டிக்கெட்டைப் பற்றி எழுதுவதா வேண்டாமா என்பதை உங்களிடமே விடுகிறேன். நானாக இருந்தால், அவர் பாதி எழுதி வைத்திருந்த குறிப்பு எவ்வளவு தெளிவாக இருந்தது என்று எழுதுவேன், நான் அதை அழித்ததை எழுதமாட்டேன். பதில் வராமல் போகலாம். வராவிட்டாலும் நீங்கள் போய் உட்கார்ந்தது உட்கார்ந்ததுதான்.

துட்டி வீட்டில் அழுகிறவர்கள் நிறைய இருப்பார்கள், பந்தல்காரனைத் தேடிப் போகிறவன் ஒருத்தன்தான் இருப்பான். கணினி தெரிந்த உங்களுக்கு அந்த வேலையும் கைவசம் உண்டு. பி.எஃப். கணக்கோடு சேர்ந்தே இ.டி.எல்.ஐ. என்று ஒரு காப்பீடு இருக்கிறது. வேலையில் இருக்கும்போது இறந்தவரின் குடும்பத்துக்கு அதிலிருந்து பணம் உண்டு. 2021 ஏப்ரல் 28-லிருந்து அதன் உச்சவரம்பு 7 லட்சம். கொரோனாவில் இறந்தவர் குடும்பத்துக்கு மாநில அரசு மூலம் 50,000 ரூபாய் கொடுக்கவும் அந்த வருஷமே ஏற்பாடானது. கம்பெனி இதையெல்லாம் செய்து கொடுத்திருக்கலாம். படிவத்தில் பெயரில் ஓர் எழுத்து மாறி, அப்படியே கிடப்பில் போட்ட குடும்பங்களையும் எனக்குத் தெரியும். முதல் கடிதத்திலேயே பணத்தைப் பற்றிப் பேச வேண்டாம். பதில் வந்து, பேச்சு வளர்ந்தால், இந்தக் காகிதம் ஏதாவது நிலுவையில் இருக்கிறதா, நான் பார்த்துத் தரட்டுமா என்று கேளுங்கள்.

சந்தோஷத்தைப் பற்றி இனி கொஞ்சம். அது உங்களுடையது, யாரிடமிருந்தும் பறித்ததில்லை. அவர் இறந்ததால் நீங்கள் ஆற்றில் குளிக்கவில்லை. நீங்கள் குளித்ததால் அவர் இறக்கவும் இல்லை. உறுத்தலில் நியாயமான பங்கு ஒன்றே ஒன்று இருக்கிறது, அதை நீங்கள் கவனிக்காமல் எழுதிவிட்டுப் போயிருக்கிறீர்கள். ஆறாம் பக்கத்தில், அப்பளம் இட வந்த இரண்டு அக்காமாருக்கும் அப்பா நான்கு மாதம் பாதிக் கூலிதான் கொடுக்க முடிந்தது என்று ஒரு வரி. ராத்திரி 9 மணிக்கு அம்மா மேசையில் டீ வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் போவார்கள் என்று இன்னொரு வரி. அந்த டீ அம்மாவின் 2020. அது அவர்களுக்கு எப்படிப்பட்ட வருஷம் என்று கேட்டிருக்கிறீர்களா? கேளுங்கள். அக்காமாரில் ஒருவர் இன்னும் வருகிறார் என்றால் அவரையும் கேளுங்கள். "அது என்ன வருசம், சவத்த தள்ளும்" என்று சொல்லக்கூடும். இருந்தாலும் கேட்பது நல்லது.

வேலையை விடுவதா என்பதற்கு இப்போது என்னிடமிருந்து ஆம், இல்லை என்று வராது. ஒன்று சொல்வேன்: மே மாதம் முடிகிறவரை ராஜினாமா எழுத வேண்டாம். இந்தக் கனத்தோடு எடுக்கிற முடிவு ஊருக்குத் திரும்புவதாக இருக்காது, 2020-க்குத் திரும்புவதாக இருக்கும். அந்த வண்டி ஓடுவதில்லை. அன்றைக்கு அப்பாவுக்கு 64, ஆர்டர் இல்லாததால் உங்களோடு சிரித்துக்கொண்டு தார்சாலுக்கு ஓட நேரம் இருந்தது. இன்றைக்குக் கல்யாண சீசனில் நீங்கள் வந்து நின்றால், "ஏல, நடுவுல நிக்காத, அங்கிட்டுப் போ" என்பார்.

அந்த வருஷத்தில் உங்களுக்கு நல்லது செய்தது எது என்று பிரித்துப் பாருங்கள். வேலை மதியம் தொடங்கியது. காலை முழுக்கக் கையால் ஒரு வேலை இருந்தது, செய்தது கண்முன்னே அடுக்கி நின்றது. பழைய மகாபலிபுரம் சாலையில் தினமும் செலவான மூன்று மணி நேரம் மிச்சம். இவற்றில் எது சென்னையில் கிடைக்கும், எது கேட்டால் கிடைக்கும், எது ஊரில் மட்டும் கிடைக்கும் என்று பாருங்கள். வீட்டிலிருந்து வேலை பார்க்க முன்பு இருந்த தொலைத்தொடர்பு விதிகளின் கெடுபிடியை மத்திய அரசு 2020 நவம்பரிலேயே தளர்த்திவிட்டது. ஆகவே சட்டம் இடம் கொடுக்கவில்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், அது கம்பெனியின் விருப்பம், விருப்பத்தைப் பேசிப் பார்க்கலாம். நம் பக்கத்திலேயே, தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையில், கொரோனாவுக்குப் பல வருஷம் முன்பே மென்பொருள் அலுவலகம் போட்டு நடத்துகிறார்கள். ஆற்றங்கரையும் கணினி வேலையும் ஒன்றுக்கொன்று பகை இல்லை. ஆனால் இது ஜூன் மாதத்துப் பேச்சு.

கடிதம் எழுதிய பிறகும் தூக்கம் திரும்பாவிட்டால், வேலையில் கவனம் நிற்காவிட்டால், வாழ்ந்து என்ன என்ற நினைப்பு எட்டிப்பார்த்தால், என் பதிலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள். 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், இலவசம். துக்கம் ஆறு மாதத்துக்கு மேலும் தளராமல் அன்றாடத்தையே முடக்கிவிட்டால் அதற்குத் தனியாக வைத்தியம் உண்டு, மருத்துவ வகைப்பாட்டிலேயே இப்போது அதற்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அந்த அளவுக்கு இல்லை என்று நினைக்கிறேன். நேரில் பார்க்காமல் அதற்குமேல் சொல்வது தப்பு. ஊருக்கு வரும்போது கிளினிக் பக்கம் வாருங்கள்.

கடிதத்தை ஊரில் வைத்து எழுத முடிந்தால் நல்லது. காலையில் எழுதி, அம்பாசமுத்திரம் தபாலாபீஸில் சேர்த்துவிட்டு, வீட்டுக்குள் போகுமுன் ஆற்றில் இறங்கி ஒரு முங்கு போடுங்கள். கடிதத்தின் அடியில் "மீண்டும் எழுதுகிறேன்" என்றோ "தொடர்பில் இருப்போம்" என்றோ போட வேண்டாம். துட்டி வீட்டில் போயிட்டு வாரேன் என்று சொல்வதில்லை. பெயரை மட்டும் எழுதி, உறையை ஒட்டிவிடுங்கள்.